ஒரு வருஷப் படிப்பு

சத்தியமங்கலத்தில் மைசூர் பஸ் ஏறினால், பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதை தொடங்கிவிடும். 27 கொண்டை ஊசி வளைவுகள். என் தங்கை மகள் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தாள். மடியில் ஒரு ஃபைல். அதற்குள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ். அவளுடைய அப்பா கூட வரவில்லை. முந்தின நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "ஒரு வருஷப் படிப்புங்கறா மச்சான். நாலு பேரு கேட்டா, புள்ள என்ன படிக்குதுன்னு நான் என்னங்க சொல்றது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. மகளை இன்ஜினியரிங் சேர்க்கத் தோட்டத்தை அடமானம் வைக்கவும் தயாராக இருந்தவர். நாலு வருஷம், ஒரு டிகிரி, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் போட இரண்டு எழுத்து. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையாகப் பிள்ளை வளர்ப்பின் கணக்கு இதுதான். டாக்டர் சீட்டு கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் இன்ஜினியரிங், அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒரு டிகிரி. அந்த வரிசைக்கு வெளியே உள்ள எதைச் சொல்லும்போதும் எங்களுக்குக் குரல் இறங்கிவிடும். என் குரலும் இறங்கியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "பாப்பா எங்கீங்க படிக்கப் போகுது?" என்று கேட்டபோது, "மைசூருங்க, மெடிக்கல் சைடு" என்று பட்டும்படாமல் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கண்ணைத் திறந்து ஒருமுறை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மைசூரில் "ஸ்பீச் அண்ட் ஹியரிங்" என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு கேட்கமாட்டார். மானசகங்கோத்ரி வளாகத்தில் இருக்கிறது அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கல்வி நிறுவனம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1965-இல் தொடங்கப்பட்டது. 1966-இல் இதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் 1918 முதல் மூன்று ஆண்டுகள் இதே ஊரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். வாழ்நாளெல்லாம் சொல்லால் வாழ்ந்த ஒரு மனிதர், சொல் கிடைக்காதவர்களுக்கான வீட்டுக்குக் கல் எடுத்து வைத்திருக்கிறார்.

இந்த வளாகத்தில் ஒரு வருட டிப்ளமோ முதல் முனைவர் பட்டம் வரை எல்லாப் படிப்பும் உண்டு. கேட்பியலும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் நாலு வருஷம். மூன்று ஆண்டு பாடம், ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. எங்கள் பெண் சேர வந்தது ஒரு வருட டிப்ளமோ: காது மெஷினைப் பழுது பார்ப்பதும், அதை மாட்டுவதற்கான காது அச்சைச் செய்வதும். பட்டியலில் கடைசிப் பக்கம் கிடந்த அந்தப் படிப்பை அவளேதான் தேடிப் பிடித்தாள்.

விண்ணப்ப வேலை முடியும் வரை நான் வெளிநோயாளிகள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காத்திருப்பு அறையில் இத்தனை மொழிகளை நான் கேட்டதில்லை. கன்னடம், மலையாளம், இந்தி, நடுவில் நம் தமிழ். இங்குள்ள மழலையர் பள்ளியில் குழந்தையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும். ஆசிரியர் குழந்தைக்குச் சொல்லித் தருகிறார்; அதை எப்படிச் சொல்லித் தருவது என்பதை அம்மா கற்றுக்கொண்டு வீட்டில் நாள் முழுக்கத் தொடர்கிறாள். அதற்காகவே ஊரை விட்டு வந்து, மைசூரில் வாடகைக்கு அறை பிடித்துத் தங்கியிருக்கிற தாய்மார் உண்டு. சான்றிதழே இல்லாத படிப்பு அது. அதை எத்தனை வருஷப் படிப்பு என்று அந்தப் பெண்களிடம் யாரும் கேட்பதில்லை.

இனி அந்த அச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எனக்கு அன்றுவரை இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் இருந்து சத்தம் ஒரு மெல்லிய குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாய் முடியும் இடத்தில், காதுக்குள் பொருந்துகிற ஒரு சிறு துண்டு இருக்கும். பெரியவரின் கட்டைவிரல் நுனி அளவு. கைக்குழந்தைக்கு ஒரு மொச்சைக்கொட்டை அளவு. அதுதான் அச்சு, மோல்டு. ஒருவர் காது மாதிரி இன்னொருவர் காது இருக்காது. ஒரே ஆளின் வலதும் இடதும்கூட ஒன்றில்லை. அதனால் ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளவெடுக்க வேண்டும். முதலில் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்க்கிறார்கள். குறும்பியோ புண்ணோ இருந்தால் அன்று அளவெடுப்பதில்லை. பிறகு நூல் கட்டிய ஒரு பஞ்சுருண்டையைக் காதுக் குழலின் இரண்டாம் வளைவு வரை மெதுவாகத் தள்ளி வைக்கிறார்கள், பசை செவிப்பறையைத் தொட்டுவிடாமல் இருக்க. இரண்டு பசைகளைச் சேர்த்துப் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, காதுக்குள் நிரப்புகிறார்கள். சில நிமிடங்களில் அது இறுகும். அதுவரை குழந்தை தலையை ஆட்டக் கூடாது, அழக் கூடாது. தாடை அசைந்தால் காதுக் குழலின் வடிவமே மாறிவிடும். அழுகிற குழந்தையை அந்தச் சில நிமிடம் அமர்த்தி வைப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம். வெளியே எடுத்த பசைத்துண்டில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மறுபடி முதலில் இருந்து. சரியாக வந்தால் அதை வைத்து அச்சு வார்த்து, சத்தம் போகத் துளையிட்டு, ஓரம் தேய்த்து, மெருகேற்றி, குழாய் பொருத்துகிறார்கள்.

இந்த அச்சு ஒரு மயிரிழை தளர்ந்தாலும், உள்ளே போக வேண்டிய சத்தம் ஓரமாகக் கசிந்து, மெஷினின் மைக்குக்கே திரும்பி வந்து, கீ என்று கத்தும். குழந்தையின் காதோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் வருஷத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைகூட அச்சை மாற்ற வேண்டி வரும்.

"கீ-ன்னு கத்துதுங்க, அதான் கழட்டி வெச்சுட்டோம்." இந்த வாசகத்தை எங்கள் பெண் சிறுவயதில் கேட்டிருக்கிறாள். அவர்கள் தெருவில் ஒரு பையன். இரண்டு வயதில் காது கேட்காது என்று தெரிந்து, அரசு முகாமில் மெஷின் கொடுத்தார்கள். நல்ல மெஷின். நாலைந்து மாதத்தில் கத்த ஆரம்பித்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, பீரோவில் பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த பொருள் அல்லவா. மெஷின் கெடவில்லை, பையன் வளர்ந்திருக்கிறான், அச்சு பத்தாமல் போய்விட்டது, அவ்வளவுதான் என்று சொல்ல அருகில் ஒரு ஆள் இல்லை. ஏழு வயதில் அவனை மறுபடி கூட்டிப்போனபோது, மெஷின் வேலை செய்தது, சத்தம் காதுக்குள் போனது, ஆனால் அந்தச் சத்தத்தைச் சொல்லாக மாற்றிக்கொள்ள அவனால் முடியவில்லை. இன்றைக்குச் சைகையில் நன்றாகவே பேசுகிறான், கெட்டிக்காரன். அவன் வீட்டில்தான் யாருக்கும் சைகை மொழி தெரியாது.

எங்கள் பெண் இந்தப் படிப்பை ஏன் தேடிப் பிடித்தாள் என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை. தன் அப்பாவிடம் இதை அவள் விளக்கிச் சொல்லவும் இல்லை. "போறேனுங்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பையனுக்கு ஏழு வயதில் ஏன் சொல் பிடிபடவில்லை என்பது புரிய, பிறப்புக்கும் முன்னால் போக வேண்டும். ஏழாம் மாதத்தில் நம் வீடுகளில் வளைகாப்பு நடத்துகிறோம். கை நிறையக் கண்ணாடி வளையல், அந்தச் சத்தம் வயிற்றில் உள்ள பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெறும் நம்பிக்கை இல்லை. ஆறேழு மாதக் கருவுக்குக் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகு முதல் மூன்று ஆண்டுகளில் மூளை, தான் கேட்கிற மொழிக்கு வேகமாக இடம் ஒதுக்குகிறது. சத்தம் வராவிட்டால் அந்த இடம் காலியாகக் காத்திருப்பதில்லை. பார்வையும் மற்றப் புலன்களும் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் மருத்துவ உலகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு மாதத்துக்குள் காது சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் வரை குறிப்பிடத்தக்க கேட்புக் குறையோடு பிறக்கிறார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இது கூடுதல் என்று டாக்டர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். தாய்மாமன் முறையை உரிமையாகக் கொண்டாடுகிற ஊரில் இருந்து வருகிறவன் நான். இதைக் கூச்சமில்லாமல் எழுத வேண்டியது என் கடமை.

ஒன்று, மூன்று, ஆறு. எல்லாமே மாதங்கள். அந்தப் பையனுடைய கதையை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் மச்சானின் கேள்வியில் இருந்த கோணல் எனக்குப் புரிந்தது. அது எங்கள் எல்லோருடைய கோணலும்தான். ஒரு படிப்பு எத்தனை வருஷம் என்று கேட்கும்போது, படிக்கிற பிள்ளையின் வாழ்க்கையில் வைத்தே அதை அளக்கிறோம். நாலு வருஷம் என்றால் கனம், ஒரு வருஷம் என்றால் லேசு. யாருக்காக அந்தப் படிப்பு இருக்கிறதோ, அந்த ஆளின் வாழ்க்கையில் வைத்து ஒருநாளும் அளந்ததில்லை. பீரோவில் கிடந்த மெஷினுக்குரிய பையனின் கணக்கில் ஒரு வருஷம் என்பது மொழி கிடைப்பதா போவதா என்று முடிவாகிற காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவன் ஊருக்குப் பக்கத்தில், அவன் மூன்று வயதைத் தாண்டும் முன்பு, அச்சு செய்யத் தெரிந்த ஒரு கை இருந்ததா இல்லையா என்பது மட்டுமே அங்கே கேள்வி. அந்தக் கைக்குப் பின்னால் எந்தப் பட்டம் என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை.

நாலு வருஷப் பட்டப்படிப்பை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது, எந்த மெஷின் பொருந்தும், எவருக்கு காக்ளியர் இம்பிளான்ட் தேவை என்பதையெல்லாம் முடிவு செய்ய அந்தப் படிப்பும் அதற்கு மேலும் வேண்டும். ஆனால் அப்படி முடிவு செய்தவர் கைக்கும் குழந்தையின் காதுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் இவர்கள் நிரப்புகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் செய்கிறார்கள். அறுவைச் சிகிச்சை சில மணி நேரம். அதன் பிறகு பேச்சுப் பயிற்சி வருஷக்கணக்கில். பயிற்சி தர ஆள் இல்லாத ஊரில், அந்த விலை உயர்ந்த கருவியும் பீரோவுக்குப் போகிற நாள் தொலைவில் இல்லை.

2006-07-இல் மத்திய அரசு காது கேளாமைத் தடுப்புக்காக ஒரு தேசியத் திட்டம் தொடங்கியபோது, மாவட்ட மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட ஆட்கள் உடனடியாகத் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையை நிறைவேற்றத்தான் மைசூர் நிறுவனம் கேட்பு, மொழி, பேச்சுக்கான ஒரு வருட டிப்ளமோவைத் தொலைவழியில் நடத்தத் தொடங்கியது. மைசூரில் ஆசிரியர் பேசுவதை வேறு மாநில மருத்துவமனைகளில் உட்கார்ந்து மாணவர்கள் திரையில் கேட்பார்கள்; செய்முறையை அங்கேயே பழகுவார்கள். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் அப்படி ஒரு மையம். படித்தவரை ஊருக்கு வரவழைப்பது கடினம் என்று தெரிந்து, படிப்பையே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

குறுகிய காலம் படித்த கைகளுக்கு உள்ள பலம் மதுரைக்காரர்களுக்குப் புதிய சேதியாக இருக்காது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, கூடவே ஒரு வழக்கத்தையும் தொடங்கினார். சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து பள்ளி முடித்த பெண்களை எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். கண் அளவெடுப்பது, நோயாளியை அறுவைச் சிகிச்சைக்குத் தயார் செய்வது, பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது, பின்னால் கவனிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு மேசையில் டாக்டர் அறுவையை முடிக்கும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை திரும்பக் கிடைத்த கதையை டாக்டரின் பெயரோடு உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அது நியாயம். அதில் பாதிக்கு மேல் அந்தப் பெண்களுடைய கைகள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நியாயம். டாக்டர் வெங்கடசாமியே மறுத்திருக்கமாட்டார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சிறுநீரகம் பழுதடைந்தவர் யாராவது இருக்கக்கூடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி ஏற்றுகிறவர், மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் முதலில் ஓடி வருகிறவர் டெக்னீஷியன். அந்த நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள். டாக்டர் பெயரை மரியாதையோடு சொல்வார். "இன்னைக்கு யாருங்க டூட்டி?" என்று விசாரிப்பது டெக்னீஷியனைப் பற்றித்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கசப்பானதை மறைத்தால் அது மோசடி. இந்த வகைப் படிப்புகளில் ஏமாற்று நிறைய. என் நண்பர் ஒருவரின் மகன், பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் நடந்த ஒரு பயிற்சி மையத்தில் லேப் டெக்னீஷியன் படித்தான். கட்டிய பணமும் போய், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையும் போய், கடைசியில் கையில் இருந்த சான்றிதழை எந்த அரசு மருத்துவமனையும் ஏற்கவில்லை. படித்து முடித்தவர்களுக்கும் பல இடங்களில் ஒப்பந்த வேலை, குறைந்த சம்பளம். பத்து வருஷம் வேலை பார்த்தாலும் மேலே ஏற ஏணி இல்லை. ஏற வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டு முதலில் இருந்து படிக்க வேண்டும். சமூகத்துக்கு இவர்கள் அவசரமாகத் தேவை என்றால், சம்பளத்திலும் அந்த அவசரம் தெரிய வேண்டும்.

2021 மார்ச்சில் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கொரோனா இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த நேரம். ராப்பகலாக மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்த லேப் டெக்னீஷியன்களுக்கு அதுவரை நாடு தழுவிய ஒரு பதிவேடுகூட இருக்கவில்லை. அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் என்னைத் தொட்டது. இந்தப் பணிகளுக்கான படிப்பை அது மணிக்கணக்கில் அளக்கிறது: இரண்டு முதல் நாலு ஆண்டுகளுக்குள் குறைந்தது 2,000 மணி நேரம். ஒருவர் எத்தனை மணி நேரம் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று கற்றார் என்ற கேள்விக்கு அது கொஞ்சம் அருகில் வருகிறது. பேச்சு, கேட்பு சார்ந்த படிப்புகள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் இந்தத் தொழிலைச் செய்வது குற்றம். எனவே பிள்ளையை எங்கே சேர்த்தாலும், கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எந்தக் கவுன்சில், எந்த போர்டு அங்கீகாரம், முடித்த பிறகு பதிவெண் கிடைக்குமா, செய்முறைக்கு எந்த மருத்துவமனை, அங்கே நோயாளிகள் வருகிறார்களா என்று கேளுங்கள். வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுத்தான் என் நண்பர் பணத்தையும் மகனின் இரண்டு வருஷத்தையும் இழந்தார்.

அவளைச் சேர்த்துவிட்டு நான் தனியாகத் திரும்பினேன். நஞ்சன்கூடு தாண்டும்போது மச்சான் போனில் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "அப்ப யாராவது கேட்டா என்னங்க சொல்றது?" என்றார். "காது கேக்காத குழந்தைக்குக் காது வெக்கறதுக்குப் படிக்குதுன்னு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க" என்றேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

அந்தப் பையனின் அம்மாவுக்கு அன்று யாரும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் குழந்தை பிறந்தால், தொட்டில் சீரோடு போகும்போது காது சோதனை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எந்த வீட்டிலாவது பீரோவில் ஒரு காது மெஷின் சும்மா கிடந்தால், இன்றைக்கே வெளியே எடுத்துக்கொண்டு குழந்தையோடு மாவட்ட மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். அது கத்துகிறது என்றால் பெரும்பாலும் மெஷின் கெட்டிருக்காது. பிள்ளை வளர்ந்திருக்கும், அச்சு சின்னதாகிப் போயிருக்கும்.